மொட்டையாக இருபது

கைராசி என்ற சொல்லை யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுரீரென்று ஏறும். டாக்டருக்குக் கைராசி, நகைக்கடைக்காரருக்குக் கைராசி, கறிவேப்பிலைக் கன்று நடுகிறவளுக்குக்கூடக் கைராசி. போகட்டும், அவரவர் நம்பிக்கை. ஆனால் கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில், குளிரூட்டிய கூடத்தில் அடுக்கிவைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, காஞ்சிபுரத்தில் என்டர் தட்டுகிறவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும் என்று நம்பியவர்களிடம் நான் வேலை பார்த்தேன். அவர்கள் படிக்காதவர்களும் இல்லை, கெட்டவர்கள் என்று ஊரில் பேரெடுத்தவர்களும் இல்லை.

இரண்டாயிரங்கள் முடியப்போகிற வருஷங்கள் அவை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. கீழே விற்பனை, நடு மாடியில் சரக்கு, மேல் மாடியில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஏ.சி.யும். அந்த மேல் மாடிக்கே ஆன்லைன் என்று பெயர் விழுந்துவிட்டது. டீ வந்தால் ‘மேல ஆன்லைனுக்கு நாலு’ என்று கத்துவார்கள். முதலாளி உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். கட்சியில் ஒரு சின்னப் பதவியும் வைத்திருந்தார். சத்தமாகப் பேசுவார், கேட்டதைக் கொடுப்பார். கல்லாவும் குடும்பமும் அவர் மனைவி கையில். ஆன்லைனுக்கு என்று ஒரு மேனேஜர் இருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், மெட்ராஸ் கம்பெனிகளில் இருந்துவிட்டு வந்தவர், நெற்றியில் நாமம், அருமையான இங்கிலீஷ். அவர் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. உயர்த்த வேண்டிய இடத்திலும் உயர்த்த மாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். எம்.சி.ஏ. முடித்தேன், கல்யாணம் ஆனது, வருஷம் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் பைபாஸில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அண்ணி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் தங்கையைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தால் மட்டும், மாடியில் துணி காய்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள் என்பாள். மாடியில் துணி இருக்காது. வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேசரி வாசனை மட்டும் மேலே வரும்.

அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆசை. அதற்கு ஒரு வழியும் வந்தது. முதலாளி மெட்ராஸில் ஒரு கிளை திறக்க இருந்தார். ஆன்லைன் வேலை முழுவதும் அங்கே போகும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எல்லோர் எதிரிலும் வைத்தே சொன்னார்:

“இந்தத் தபா நல்லபடியா ஓட்டிக் குடுத்துடும்மா. மெட்ராஸ் உனுக்குத்தான்.”

அன்றைக்கே மாம்பலத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, கட்டில் காலியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டேன். ஜன்னலோரக் கட்டில் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். அவ்வளவு ஆசை எனக்கு.

ஓட்டிக் கொடுக்க வேண்டியது இதுதான். முந்தைய தீபாவளி விற்பனையன்று எங்கள் வெப்சைட் காலையிலேயே படுத்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து கதவை இடிக்க, வாடகைக்கு வைத்திருந்த ஒற்றை சர்வர் தாங்கவில்லை. கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சேவைகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. க்ளவுட் என்று பேர். போன் செய்து பேச அங்கே ஆள் கிடையாது. ஓர் இணைய முகவரி இருக்கும். நாம் எழுதிவைக்கும் சின்னக் கட்டளைத் தொகுப்பு, ஸ்கிரிப்ட் என்பார்கள், அந்த முகவரியைக் கூப்பிட்டு, இன்ன அளவில் இத்தனை சர்வர் வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்பது நாம்தான் என்பதற்கு, நமக்குக் கொடுத்திருக்கும் ரகசியச் சாவியை வைத்து ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு முத்திரை போட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் சர்வர்கள் எழுந்து, நம் வெப்சைட்டைத் தாங்களே ஏற்றிக்கொண்டு நிற்கும். விற்பனை முடிந்ததும் இன்னொரு ஸ்கிரிப்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். எங்காவது தப்பு இருந்தால், இன்னது தப்பு என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். எனக்கு அதில் பிடித்ததே அந்த ஒரு வரிதான். அது என் மூஞ்சியைப் பார்க்காது. என் கதையைக் கேட்காது. தப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

முதல் வாரம் பூராவும் அந்த ஒரு வரியை வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்ன கேட்டாலும் நேரம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. முத்திரையைப் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எங்கள் கடையில் எல்லாக் கடிகாரமும் அரை மணி முன்னால் ஓடும். ராகுகாலம் பிறப்பதற்குள் போணி ஆகிவிட வேண்டும் என்று முதலாளியின் மனைவி வைத்த ஏற்பாடு. மேல் மாடிக் கம்ப்யூட்டர்களிலும் யாரோ பயபக்தியோடு அதே அரை மணியைக் கூட்டி வைத்திருந்தார்கள். இன்னும் வராத நேரத்திலிருந்து வரும் கோரிக்கையை எவன் வாங்குவான்? கடிகாரத்தைத் திருத்தினேன், உடனே ஓடியது. முதலாளியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கேட்காமல் கடிகாரத்தில் கைவைத்தாள் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

அடுத்து, எத்தனை சர்வர் என்ற பேச்சு வந்தது. உண்மையில் நாலு போதும். முதலாளிக்கு நாலு என்பது கேவலமாகப் பட்டது. எதிர்க்கடைக்காரர் கேட்டால் நாலு என்றா சொல்வது? அதிகபட்சம் எவ்வளவு தருவான் என்றார். புதுக் கணக்குக்கு இருபதுவரை தருவார்கள், அதற்குமேல் வேண்டுமென்றால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் முகம் சுருங்கியது. மொய் எழுதினால் நூற்றொன்று, தட்டில் வைத்தால் ஐம்பத்தொன்று. ஒன்று சேர்க்காத எண் அந்த வீட்டு நல்ல காரியம் எதிலும் நுழைந்ததில்லை.

“மொட்டையா இருபதா? இன்னாம்மா நீ. இருபத்தொண்ணா போடு” என்றார்.

மேனேஜரைப் பார்த்தேன். க்ளவுட் கணக்கு அவர் பேரில் இருந்தது. எழுதிக் கேட்க வேண்டியவர் அவர்தான். தான் எழுதி அனுமதி வாங்கிவிடுவதாகவும், நான் இருபத்தொன்று என்றே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். பிறகு நினைவுபடுத்தியபோதெல்லாம், ஆச்சும்மா, ஆச்சு என்றார். முதலாளிக்கு இன்னொரு கண்டிஷனும் இருந்தது. எல்லா சர்வரும் ஒரே நல்ல நேரத்தில் சேர்ந்தாற்போல் எழ வேண்டும், ஒன்றுகூடப் பின்தங்கக் கூடாது. அதனால் குறைந்தபட்சம் இருபத்தொன்று, அதிகபட்சமும் இருபத்தொன்று என்று கேட்கும்படி ஸ்கிரிப்டை எழுதினேன். கொடுத்தால் மொத்தமாகக் கொடு, இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். சோதனை ஓட்டங்களை இரண்டு இரண்டு சர்வராக வைத்தே முடித்துக்கொண்டேன். வீணாக வாடகைக்கு எடுக்காதே என்பது மேனேஜரின் உத்தரவு.

விற்பனைக்கு முந்தின நாள் முதலாளி மேலே வந்தார். வந்த உற்சாகத்தில், எழுதினவளே தட்டட்டும் என்று அறிவித்துவிட்டார். நான்தான் என்டர் தட்ட வேண்டும். அவர் மனைவி பக்கத்தில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பட்டு கட்டினதில்லை. அண்ணி பார்த்தாள், நல்லாயிருக்குது என்றாள், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் மேல் மாடியில் கடை ஆட்கள் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஐயர் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கீபோர்டின்மேல் ஒரு சாமந்திப்பூ. தேங்காய் உடைத்து ஆரத்தி ஆனதும் குங்குமத் தட்டு பெண்கள் பக்கம் வந்தது. முதலாளியின் மனைவி எடுத்தார். மருமகளுக்கு அவரே வைத்துவிட்டார். மருமகள் அரக்கோணத்துப் பெண், வளைகாப்பு ஆகி இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். பிறகு தட்டு என் முன்னால் வந்து, ஒரு நொடிகூட நிற்காமல், எனக்கு அடுத்தாற்போல நின்ற சேல்ஸ் பெண்ணிடம் போய்விட்டது. தள்ளின மாதிரியும் இல்லை, மறைத்த மாதிரியும் இல்லை. அப்படிச் செய்ய நல்ல பழக்கம் வேண்டும்.

சாமந்தியை ஒதுக்கிவிட்டு நான் என்டர் தட்டினேன். எல்லாரும் மானிட்டரைப் பார்த்தார்கள். கறுப்புத் திரையில் கர்சர் கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. கேட்ட எண்ணிக்கை உங்கள் வரம்பைத் தாண்டுகிறது என்று தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. மேனேஜர் எழுதிக் கேட்கவே இல்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் அந்த வரியைப் படித்துவிட்டிருந்தார். கண் அதே இடத்தில் நின்றது. அடுத்து அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

என்ன ஆச்சு என்றார் முதலாளி. இருபதுதான் வரம்பு, இருபத்தொன்று தர மாட்டார்கள், இதோ இங்கேயே எழுதியிருக்கிறது, ஒன்றைக் குறைத்துவிட்டு மறுபடி தட்டினால் ஓடிவிடும் என்றேன். கை நீட்டிக் காட்டினேன். யாரும் என் விரல் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார்கள்.

முதலாளியின் மனைவி என் அருகில் வந்து, ரொம்பப் பரிவாகத் தோளைத் தொட்டார்.

“நீ தப்பா எடுத்துக்காதமா. உன்ன சொல்லல. உன் கைய சொல்றேன்.”

அந்த நிமிஷம்கூட எனக்கு நம்பிக்கை போகவில்லை. முதலாளி இங்கிலீஷ் தெரிந்த மனுஷனிடம்தானே கேட்பார்? கேட்டார். இந்தப் பொண்ணு சொல்வது சரிதானா என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் சார்” என்றார்.

அதுவும். அந்த ஒரு வார்த்தையில் என்னைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, நாமம் கலையாமல் நின்றார் அந்த மனுஷன்.

சரி செய்துவிட்டு வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். உட்கார்ந்து இருபத்தொன்றை இருபதாக்கினேன். இரண்டு இடத்தில் ஓர் இலக்கம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சேமித்துவிட்டு எழுந்தேன். நாற்காலியை யாரோ துணியால் ஒரு தடவை துடைத்தார்கள். வெளியே மாடிப்படியில், கட்டி வைத்திருந்த புடவை மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மருமகளின் வளையல் சத்தம் கலகலவென்று கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் திருத்தின ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. அவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு? ஒரு கை தட்டியது, ஓடவில்லை. இன்னொரு கை தட்டியது, ஓடியது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு. எனக்கு ஒரு லட்டு வெளியே வந்தது. அதைப் புடவை மூட்டையின்மேல் வைத்துவிட்டேன். எண்ணெய்க் கறை பட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

விற்பனை பிரமாதமாக ஓடியது. மாலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தான் எவ்வளவு நல்லவர் என்பதை எனக்கே காட்டினார்.

“உன்ன யாரும் வேலைய விட்டுப் போவ சொல்லலம்மா. எழுதறது நீதான். தொறக்கற நேரத்துக்கு மட்டும் வெளிய நின்னுக்கினா போதும்.”

மெட்ராஸ் என்றேன். மெட்ராஸில் புதுசாக அல்லவா திறக்கிறோம் என்றார். மெட்ராஸ் மேனேஜருக்குப் போயிற்று. கிளம்புவதற்குமுன் அவரைத் தனியாகப் பிடித்து, ஏன் சார் எழுதவே இல்லை என்று கேட்டேன். ஒரு மெயில்தானே, விட்டுப்போயிற்று என்றார். சரி, அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் தன் வேலைக்கு ஆபத்து இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அப்புறம், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, பெருமாள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார் என்றார். பெருமாளையாவது விட்டுவையுங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆடி, தீபாவளி, தை முகூர்த்தம் என்று ஒவ்வொரு விற்பனைக்கும் இதே ஏற்பாடுதான். நான் எழுதிவைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போவேன். மருமகள் வந்து தட்டுவாள். வேடிக்கை என்னவென்றால், மற்ற நாளெல்லாம் சோதனைக்காகப் பகல் பொழுதில் நானேதான் சர்வர்களை எழுப்பி எழுப்பி நிறுத்துவேன். ஒரு தடவையும் தகராறு வந்ததில்லை. தேங்காய் உடைக்காத நாளில் என் கைக்கு ஒரு குறையும் கிடையாது. முதலாளியின் மனைவியே மேலே வந்து, புடவைப் படங்கள் இருக்கும் அந்த ‘போட்டோ’ பக்கம் சரியாக வருகிறதா, ஒரு தடவை ஓட்டிக் காட்டு என்பார். ஓட்டிக் காட்டுவேன். பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கீழே போவார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றைக் குறைத்தவள் நான். ஏன் ஓடவில்லை, ஏன் ஓடியது என்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். ஆனாலும் ஏதாவது முக்கியமான வேலை என்றால் என்டருக்குமேல் என் விரல் நின்றுவிடும். பக்கத்து நாற்காலிப் பெண்ணைக் கூப்பிட்டு, கொஞ்சம் தட்டிவிடேன், கையில் எண்ணெய் என்பேன். மெட்ராஸில் வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பலாம் என்று உட்காருவேன். அனுப்புகிற பட்டனைத் தட்டாமல் மூடிவிடுவேன். அவர்கள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினது ஒரு சில நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் நானே போய் நின்றுகொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இதற்கிடையில் மருமகளுக்கு வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. முதல் பிள்ளை குறைமாசத்தில் இறந்தே பிறந்தது. அதற்குப் பிறகும் வீட்டில் வேறு கை இல்லாததால் அவளைக்கொண்டே தட்டவைத்தார்கள். இரண்டாவதும் கலைந்துபோனபோது கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. குசுகுசுவென்று பேசினார்கள். வேலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த முதலாளியின் மகள் அந்தச் சமயத்தில் ஆண் குழந்தையோடு வந்து இறங்கினாள்.

அடுத்த தை முகூர்த்த விற்பனை. வழக்கம்போல ஸ்கிரிப்டைத் திறந்துவைத்துவிட்டு, கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து என்டர் மட்டும் பாக்கி வைத்துவிட்டு, நான் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து மருமகள் வெளியே வந்தாள். கையில் வெறும் தட்டு. பூ வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்களாம். பூ அப்போதே வந்துவிட்டது. நான்தான் வாங்கி உள்ளே கொடுத்திருந்தேன். அது அவளுக்கும் தெரியும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். என் அண்ணி வீட்டுக் கொடி எனக்கு ஞாபகம் வந்தது.

பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாடி, வா என்றுதான் இருந்தது. மனசில் ஊறிக்கிடந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. முதல் தடவை உன் கையால் ஒன்றும் ஓடவில்லை, நான் ஒன்றைக் குறைத்தேன், அதனால்தான் ஓடியது, வளர்ப்புப் பூனை மிதித்திருந்தாலும் ஓடியிருக்கும் என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்க்கா. உங்க பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன். லிமிட்டுன்னு போட்டிருந்திச்சே, படிச்சேன். நானும் பி.சி.ஏ.தான்.”

இத்தனை வருஷமாக அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்றுகூட நான் யோசித்ததில்லை. அப்போதே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா உங்களையே மறுபடி தட்ட சொல்லியிருப்பாங்க. அந்த வீட்டுல என்னை நடுவுல உக்கார வெச்சது அன்னிக்குத்தான்க்கா.”

பளாரென்று ஓர் அறை விட வேண்டும்போல எனக்குக் கை பரபரத்தது. அந்த மேல் மாடியில் வேறு ஒருத்தருக்கும் அந்த வரி புரியவில்லை, மேனேஜர் ஒருத்தர்தான் துரோகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, சுகமாகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளை அறையவில்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

ஐயர் ஆரத்தியை முடித்துக்கொண்டிருந்தார். வேலூர் மகள் நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய், நின்றபடியே என்டரைத் தட்டினேன்.

கர்சர் மின்னியது. பிறகு வரிசையாக வர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரியும் வந்து நின்றது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்து, மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டேன். முகூர்த்தப் புடவைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முதலாளி பார்த்தார். ஐயர்கூட எட்டிப் பார்த்தார். என் கையால் ஓடியதை அத்தனை பேரும் இரண்டு கண்ணாலும் பார்த்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனி ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

முதலாளியின் மனைவிக்குக் கோபமே வரவில்லை. சுவரில் அரை மணி முன்னால் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார்.

“நல்ல நேரம் இன்னும் இருக்குது. அத்தினியும் குளிர வெச்சுடு. மறுபடியும் ஏத்திக்கலாம்” என்றார்.

விளக்கை அணை என்று அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள், குளிர வை என்றுதான் சொல்வார்கள். ஓடிக்கொண்டிருந்த இருபது சர்வரையும் அதே மரியாதையோடு நிறுத்தச் சொன்னார். முதலாளி என் பக்கம் பார்க்காமல் வேட்டியைச் சரி செய்துகொண்டார். குளிரவைக்க மட்டும் என் கை பரவாயில்லையா என்று கேட்டேன்.

“அதுக்கு யார் கையா இருந்தா இன்னாம்மா” என்றார் அந்த அம்மா.

முடியாது என்றேன். வேண்டுமானால் நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள், எந்த ஸ்கிரிப்ட் என்று சொல்ல மாட்டேன் என்றேன். அந்த அம்மா என்னோடு வாதாடவில்லை. வாசல் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். இப்படி வா, இதைக் குளிர வை என்றார். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிறுத்துகிற ஸ்கிரிப்டின் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அங்கே இருக்கும் ஃபைல்களின் வரிசையை வரவழைத்தாள், மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள், சரியானதைக் கண்டுபிடித்தாள். திறந்து படித்தாள். மூடிவிட்டு அதன் பெயரை அடித்தாள். நிச்சயமாகவா என்று அது ஒரு கேள்வி கேட்கும்படி எழுதிவைத்திருந்தேன். அதற்கும் பதில் அடித்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. என் ஆபீஸில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற கையை நான் பார்த்ததில்லை. இருபது வரியும் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் கை தட்டவில்லை. பிறகு எழுப்புகிற கட்டளையையும் அவளே அடித்து, என்டர் மட்டும் பாக்கி வைத்துவிட்டு எழுந்து, யாரும் சொல்லாமலே படிக்கட்டுக்குப் போனாள்.

நான் பையை எடுத்துக்கொண்டேன். படியில் அவள் காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள். என்கூட வந்துவிடு என்று நான் கூப்பிடவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெட்ராஸ் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நடு மாடியைத் தாண்டும்போது மேலே புதுசாக ஒரு வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள்.